8 ஜிபி போட்டும் 2.96 ஜிபிதான்: மீதி ரேம் எங்கே?

அக்கா, உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் உயர்நிலை 2 படிக்கிறான். அவனுக்கு வாங்கிய பழைய மடிக்கணினி ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று, அதிலிருந்த 4 ஜிபி ரேமை எடுத்துவிட்டு 8 ஜிபி போட்டீர்கள். 60 வெள்ளி செலவு. இப்போது திரையில் "8.00 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 2.96 ஜிபி" என்று வருகிறது. முன்பு 4 ஜிபி இருந்தபோதும் அதே 2.96தான் காட்டியது. கடைக்காரர் கெட்டுப்போன ரேமைக் கொடுத்துவிட்டாரா, திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். ரேம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கான ஆதாரம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. முதலில் வரும் 8.00 என்ற எண், கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் எண்ணிச் சொல்வது. அது ரேமை முழுதாகப் பார்த்துவிட்டது. அடுத்து வரும் 2.96 விண்டோஸின் கணக்கு. 4 இருந்தபோதும் 2.96, 8 ஆன பிறகும் 2.96 என்றால், ரேம் எவ்வளவு இருந்தாலும் விண்டோஸால் அதற்கு மேல் எடுக்க முடியவில்லை என்று பொருள். இந்த அறிகுறியை நான் எத்தனையோ கணினிகளில் பார்த்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அப்போது வந்தவற்றில் பலவற்றில் இதே கதைதான். உங்கள் கணினியில் இருப்பது 32-பிட் விண்டோஸ். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யும் வழியைக் கீழே சொல்கிறேன். முதலில் ஏன் இப்படி என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் இனி யாரும் உங்களிடம் தேவையில்லாமல் இன்னொரு ரேமை விற்க முடியாது.

ரேம் என்பது கோடிக்கணக்கான சிறு பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பைட் வைக்கலாம், ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் முகவரி. புராசஸருக்கு ரேமோடு பேச அந்த எண்ணை விட்டால் வேறு வழி கிடையாது. "இந்த எண்ணில் இருப்பதைக் கொடு", "இந்த எண்ணில் இதை வை", இவ்வளவுதான் அதன் பேச்சு. 32-பிட் முகவரி என்றால், முகவரியை எழுத 32 இலக்கங்கள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. அப்படி எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,294,967,296. சரியாக 4 ஜிபி. அதற்கு மேல் ஓர் எண்ணைக்கூட எழுத இடம் இல்லை.

நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீட்டை நினைத்துப் பாருங்கள். 1995 முதல் அது ஆறு இலக்கம். ஒவ்வொரு புளோக்குக்கும் தனிக் குறியீடு. ஆறு இலக்கத்தில் அதிகபட்சம் ஒரு மில்லியன் குறியீடுகள்தான் எழுத முடியும். ஒரு பேச்சுக்கு, அத்தனையும் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒரு புளோக் கட்டினால்? கட்டடம் நிற்கும், மின்தூக்கி ஓடும், வீடுகளுக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு கடிதமும் போய்ச் சேராது, எழுத எண் இல்லை. உங்கள் 8 ஜிபியில் பெரும்பகுதி இப்போது அந்தப் புளோக்கைப்போலத்தான் இருக்கிறது.

சரி, 4 ஜிபிக்கு முகவரி இருக்கிறதே, குறைந்தது 4 ஆவது வர வேண்டாமா, ஏன் 2.96 என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். முகவரி எண்கள் ரேமுக்கு மட்டும் சொந்தமல்ல. அஞ்சல் குறியீடு குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும் தரப்படுவதில்லையே. பேட்டையில் இருக்கும் பலமாடி கார் நிறுத்துமிடத்துக்கும் ஒரு புளோக் எண் உண்டு, குறியீடும் உண்டு. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஆனாலும் அந்தக் குறியீட்டை வேறு கட்டடத்துக்குக் கொடுக்க முடியாது.

கணினியிலும் அதுபோலத்தான். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் சில்லு, வைஃபை அட்டை, ஒலி, யுஎஸ்பி என்று உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாதனத்தோடும் புராசஸர் பேச வேண்டும். அதற்கும் அதே முகவரி எண்களைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு எழுதினால் அது ரேமுக்குப் போகாமல் கிராஃபிக்ஸ் சில்லுக்குப் போகும்படி தாய்ப்பலகை வழி திருப்பிவிடும். கிராஃபிக்ஸ் பொதுவாக 256 எம்பி அளவுக்கு முகவரி கேட்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு வழியாகத் தாய்ப்பலகையோடு சேரும் சாதனங்களின் அமைப்பு விவரங்களுக்கு என்றே இன்னொரு 256 எம்பி வரை ஒதுக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டிலேயே அரை ஜிபி முகவரி போய்விடுகிறது. அப்புறம் மற்ற சாதனங்கள். இவற்றையெல்லாம் துண்டு துண்டாக நெருக்கி வைக்கவும் முடியாது. 256 எம்பி கேட்கும் சாதனத்துக்கு 256-இன் மடங்கில் தொடங்கும் இடம்தான் வேண்டும், அதனால் நடுவில் இடைவெளிகள் விழும். எல்லாம் சேர்ந்து முக்கால் ஜிபி, ஒரு ஜிபி என்று ஆகிவிடுவது சாதாரணம்.

இந்தச் சாதனங்கள் உட்காரும் இடம் 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே, வரிசையின் மேல்முனையில். அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இன்டெல் வழிவந்த 32-பிட், 64-பிட் புராசஸருக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அது முதலில் போய்ப் படிக்கும் கட்டளை, 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. கணினியை எழுப்பும் பயாஸின் வாசல் அங்கேதான். அந்த எண்ணில் ரேமை வைத்தால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது, ஏனென்றால் மின்சாரம் வந்த கணத்தில் ரேமில் ஒன்றுமே இருக்காது. ஆகவே அந்த மேல்முனை எப்போதும் ரேமுக்குக் கிடைக்காது. உங்கள் கணினியில் 2.96-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு ஜிபி, பெரும்பாலும் இப்படிச் சாதனங்களுக்குப் போன முகவரிகள்.

இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் 8088 புராசஸருக்கு 20 முகவரிக் கம்பிகள்தான், ஆக மொத்தம் 1 எம்பி முகவரி. அதில் 640 கேபியை நிரல்களுக்கு விட்டு, மீதி 384 கேபியைத் திரைக்கும், மின்சாரம் போனாலும் அழியாத ரோம் நினைவகங்களுக்கும் ஒதுக்கினார்கள். அந்த 640 கேபி எல்லையோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 4 ஜிபி எல்லை அதன் பெரிய அண்ணன்.

இப்போது உங்கள் 8 ஜிபிக்கு வருகிறேன். ஓரளவு புதிய தாய்ப்பலகைகள் ஒரு நல்ல காரியம் செய்கின்றன. சாதனங்களுக்கு இடம் விட்டதால் முகவரி இழந்த ரேமை எடுத்து, 4 ஜிபி எல்லைக்கு மேலே புது எண்கள் கொடுத்துவிடுகின்றன. குறியீட்டு உவமையில் சொன்னால், ஏழு இலக்க எண் கொடுத்தாயிற்று. ஆனால் உங்கள் கணினியில் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர் 32-பிட் விண்டோஸ். அவருக்கு ஆறு இலக்கம் மட்டும்தான் படிக்க வரும். மேலே 5 ஜிபி இருந்தாலும் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டார். 16 ஜிபி போட்டிருந்தாலும் அதே 2.96தான் வந்திருக்கும்.

இதில் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவரம் தெரிந்த யாராவது உங்களிடம் வந்து "32-பிட்டிலும் 4 ஜிபிக்கு மேல் போகலாமே" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது சரிதான். 1995-இல் வந்த பென்டியம் புரோ காலத்திலேயே, பிஏஇ என்ற வசதியால் புராசஸர் 36 இலக்க முகவரி எழுதக் கற்றுக்கொண்டது. அது 64 ஜிபி வரை போகும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. சில விண்டோஸ் சர்வர் பதிப்புகளும் பயன்படுத்தின. ஆனால் வீடுகளுக்கு விற்ற விண்டோஸில் அந்தக் கதவை மூடிவைத்தார்கள். காரணம், சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள். வீட்டுக் கணினிகளுக்கான கிராஃபிக்ஸ், ஒலி டிரைவர்களை எழுதியவர்கள் முகவரி 32 இலக்கத்தைத் தாண்டாது என்று நம்பி எழுதியிருந்தார்கள். 4 ஜிபிக்கு மேலான முகவரி ஒன்று கையில் வந்ததும் அவை மேல் இலக்கங்களை வெட்டிவிட்டு வேறு யாருடைய இடத்திலோ எழுதின. கணினி நீலத்திரை காட்டி விழுந்தது. அதனால் 2004-இல் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் இருந்து, ரேம் எவ்வளவு இருந்தாலும் 4 ஜிபி முகவரிக்கு மேலே தொடுவதில்லை என்று எல்லை போட்டார்கள். விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பு வரை அந்த எல்லை தொடர்ந்தது. என் கருத்தைக் கேட்டால், அது சரியான முடிவு. ஒரு ஜிபி குறைவாகக் கிடைப்பதைவிட, எழுதிக்கொண்டிருக்கும் வீட்டுப்பாடம் பாதியில் அழிந்து போவது மோசம். அந்த எல்லையை நீக்கித் தருகிறேன் என்று இணையத்தில் சிறு நிரல்கள் கிடைக்கின்றன. மகன் கணினியில் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். இயங்குதளத்தின் மையக் கோப்பையே மாற்றும் வேலை அது.

சரியான வழி 64-பிட் இயங்குதளத்துக்கு மாறுவது. முன்னால் சொன்னேனே, உறுதி செய்யும் வழி: செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபௌட். அங்கே "சிஸ்டம் டைப்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புராசஸர் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் நல்ல செய்தி. புராசஸர் 64-பிட், விண்டோஸ் மட்டும் 32-பிட். மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்86 புராசஸர் என்று இருந்தால் மாற்ற வழியில்லை, ஆனால் 8 ஜிபியை அடையாளம் காணும் கணினியில் அப்படி வர வாய்ப்பு மிகக் குறைவு.

மாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. 32-இலிருந்து 64-க்கு மேலாக்க முடியாது, முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதே பதிப்பு விண்டோஸ் 10 என்றால் உரிமம் இரண்டுக்கும் செல்லும், புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, ஆனால் அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, ஓரளவு புதிய புராசஸர் எல்லாம் கேட்கும். உங்கள் கணினி அதற்குத் தகுதியில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போடச் சொல்வேன். இலவசம், 8 ஜிபியில் நன்றாக ஓடும், பிரவுசர் வழியாகச் செய்யும் பள்ளி வேலைகளுக்குப் போதும், தமிழ்த் தட்டச்சும் வரும். பள்ளி ஏதாவது குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைக் கேட்கிறதா என்று மட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும்: 64-பிட் போட்டாலும் முழு 8.00 வராது. 7.8 அல்லது 7.7 போல வரலாம். பயந்துவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் சில்லு தனக்கென்று கொஞ்சம் ரேமை எடுத்துக்கொள்கிறது, பயாஸ் தன் அட்டவணைகளையும் பாதுகாப்பு நிரலையும் வைக்கக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இது முகவரி இல்லாத சிக்கல் அல்ல. அந்த ரேம் வேலை செய்கிறது, விண்டோஸுக்காக இல்லாமல் வேறொருவருக்காக.

கிராஃபிக்ஸுக்கு ரேம் போகும் இந்தக் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதுக் கணினி வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். 16 ஜிபி என்று வாங்கியதில் 13.9 என்று காட்டும். 64-பிட் விண்டோஸ்தான், ரேமும் நன்றாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அது ஏஎம்டி ரைசன் கணினியாக இருக்கும். தனிக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் ரேமிலிருந்துதான் வர வேண்டும். இன்டெல் கணினிகளில் பொதுவாகத் தொடக்கத்தில் சிறிய அளவை மட்டும் ஒதுக்கி, மீதியைத் தேவைப்படும்போது வாங்கித் திருப்பித் தருகிறார்கள். அதனால் 15.7 போலக் காட்டும். பல ரைசன் மடிக்கணினிகளிலோ 512 எம்பி, 2 ஜிபி என்று ஒரேயடியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால், "ஹார்டுவேர் ரிசர்வ்ட்" என்று அந்த அளவு தெரியும். பயாஸில் யுஎம்ஏ என்ற பெயரில் அமைப்பு இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், பல மடிக்கணினிகளில் அந்த அமைப்பை மறைத்து வைத்திருப்பார்கள். பிள்ளை விளையாட்டு ஆடுகிறவன் என்றால் அப்படியே விடுவது நல்லது.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்று இதையும் சேர்க்கிறேன். 8 ஜிபி போட்டு, பயாஸ் திரையிலேயே 4 என்று வந்தால் அது முற்றிலும் வேறு விஷயம். அங்கே இயங்குதளத்துக்குச் சம்பந்தமே இல்லை. ரேம் துளையில் முழுதாக அமரவில்லை, அல்லது துளை பழுது, அல்லது மேசைக் கணினியில் புராசஸருக்குக் கீழே ஒரு கால் வளைந்திருக்கிறது. ரேமை நேரடியாகக் கட்டுப்படுத்துவது இப்போது புராசஸர்தான், அதனால் அந்த ஒரு கால் போதும் பாதி ரேம் காணாமல் போக. மின்சாரத்தை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்திப் பாருங்கள். இருபுறமும் கொக்கி விழும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேம் கெட்டதா துளை கெட்டதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைக்குப் போய்ப் பேசுவதற்கு முன் இதைச் செய்வது நியாயம்.

மிகப் பழைய கணினிகளில் இன்னொரு தடையும் உண்டு. 2006, 2007 வாக்கில் வந்த பல கணினிகளில் இருந்த இன்டெல் 945 வகை சிப்செட்டுக்கு, அதாவது புராசஸரையும் ரேமையும் இணைக்கும் தாய்ப்பலகைச் சில்லுக்கு, முகவரிக் கம்பிகளே 32தான். அதில் 64-பிட் விண்டோஸ் போட்டாலும் 3.2 ஜிபி அளவோடு நின்றுவிடும். தபால்காரருக்கு ஏழு இலக்கம் தெரிந்தாலும், அந்தப் பகுதிக்குப் போகச் சாலை இல்லை.

ஒரு தவறான ஆலோசனையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். விண்டோஸில் இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் "மேக்ஸிமம் மெமரி" என்ற பெட்டியைத் தேர்வு செய்து 8192 என்று எழுதினால் எல்லாம் சரியாகும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். என் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் அதைப் பார்த்துச் செய்துவிட்டு, முன்பைவிடக் குறைவாகக் காட்டுகிறதே என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டி ரேமைக் கூட்டுவதற்கானது இல்லை. குறைந்த ரேமில் நிரல் எப்படி ஓடும் என்று சோதிப்பவர்கள் வேண்டுமென்றே குறைத்து வைக்க உதவும் வசதி அது. அங்கே தேர்வு இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். எடுத்தவுடன் தாத்தாவுடைய கணினி பழைய எண்ணுக்குத் திரும்பிவிட்டது.

நீங்கள் கடைசி வரியில் "64 ஜிபி போட்டாலும் இப்படி எல்லை வருமா" என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் எல்லை 128 ஜிபி, புரோ பதிப்பு 2 டிபி, அதாவது 2048 ஜிபி வரை போகும். தாய்ப்பலகை ஏற்கிறதா என்பதுதான் அப்போது கேள்வி.

இன்று இரவு அந்தச் "சிஸ்டம் டைப்" வரியைப் பார்த்து, புராசஸரின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள் அக்கா. விண்டோஸ் 11 போடலாமா மின்ட் போடலாமா என்று அதை வைத்துச் சொல்லிவிடுவேன். அதற்குள் மகனுடைய பாடக் கோப்புகள், படங்கள், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு அந்த பென் டிரைவை வேறு ஒரு கணினியில் போட்டு, கோப்புகள் திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.